எம்டன் இத்தாலிக் கப்பலை விட்டுவிட்டு கிரேக்கக் கப்பலை மட்டும் பிடித்து வைத்தது ஏன்?

முகப்புத்தூண் எழுதியது:

வணக்கம். போன வாரம் கானாடுகாத்தானில் எங்கள் பெரியப்பச்சிக்கு, அதாவது பெரியப்பாவுக்கு, வயது நிறைவு சாந்தி. மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் பட்டாலையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த நேரம். அக்கா மகனுக்கு நாலு வயசு, வெற்றிலைத் தட்டில் இருந்த பாக்கை எல்லாம் யாருக்கும் தெரியாமல் அள்ளிக்கொண்டுபோய் வளவில் தண்ணீர் வைத்திருந்த அண்டாவுக்குள் போட்டுவிட்டான். அப்பத்தா "இவன் சரியான எம்டன்டா" என்றார்கள். பேச்சு அங்கே பிடித்துக்கொண்டது.

பெரியப்பச்சி சொன்னது இது: எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் 1914 செப்டம்பரில் வங்காள விரிகுடாவில் எத்தனையோ இங்கிலீஷ் கப்பலை மூழ்கடித்தது, ஆனால் சண்டையில் சேராத நாட்டுக் கப்பலைத் தொடவே இல்லை, லொரெடானோ என்ற இத்தாலிக் கப்பலை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டது. அத்தான் உடனே, அப்படியானால் பொன்டோபொரோஸ் என்ற கிரேக்கக் கப்பல் என்னவாயிற்று, அதைப் பிடித்து ஒரு மாதம் கூடவே இழுத்துக்கொண்டு திரிந்தார்களே, கிரீஸும் அப்போது சண்டையில் இல்லையே என்று கேட்டார். இரண்டு பேரும் போனை எடுத்துத் தேடினார்கள், இரண்டு கப்பல் கதையும் நடந்ததுதான். அதற்குப் பிறகு யாருக்கும் பதில் தெரியவில்லை, காபி வந்துவிட்டது.

எனக்கு அது மனதை விட்டுப் போகவில்லை. இரண்டும் நடுநிலை நாட்டுக் கப்பல், மூன்று நாலு நாள் இடைவெளியில் அதே கடலில் அதே எம்டன் நிறுத்தியது. ஒன்றை ஏன் விட வேண்டும், ஒன்றை ஏன் பிடிக்க வேண்டும்? அப்படிப் பிடித்து வைப்பதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறதா, இல்லை பீரங்கி வைத்திருப்பவன் நினைத்ததுதானா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்த வருடம் எங்கள் ஐயாவின் அப்பச்சி ரங்கூனில் வட்டிக்கடையில் மேலாளாக இருந்தார், வீடு கட்டிக்கொண்டிருந்த சமயம். நம் ஆட்களுடைய சரக்கு அப்படி ஒரு நடுநிலைக் கப்பலில் வந்திருந்தால் அதன் கதி என்ன? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கோட்டையூர் மாலுமி எழுதியது:

தம்பி, நான் 34 வருடம் வணிகக் கப்பலில் இருந்துவிட்டு சீஃப் ஆபிசராக ஓய்வு பெற்று கோட்டையூரில் இருக்கிறேன். உங்கள் கேள்வியில் ஒரு சொல்லை மாற்றிப் போட்டால் பாதி பதில் வந்துவிடும். கப்பல் எந்த நாட்டுக் கப்பல் என்பதோடு நிறுத்தாமல், உள்ளே இருக்கிற சரக்கு யாருக்குப் போகிறது என்று கேளுங்கள்.

போர் என்று வந்துவிட்டால், போரிடுகிற நாட்டின் போர்க்கப்பல் கடலில் போகிற எந்த வணிகக் கப்பலையும் நிறுத்தலாம், ஆள் ஏறிப் பார்க்கலாம். இது ரொம்பப் பழைய வழக்கம், கடலில் எல்லா நாடும் ஒத்துக்கொண்டது. நிறுத்தச் சொன்னால் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினாலோ எதிர்த்தாலோ நடுநிலைக் கொடி காப்பாற்றாது. ஏறி வருகிறவர்கள் முதலில் பார்ப்பது காகிதம்: கப்பலின் பதிவுச் சான்று, ஆட்கள் பட்டியல், அன்றாடக் குறிப்பேடான லாக் புத்தகம், சரக்குப் பட்டியலான மேனிஃபெஸ்ட், சரக்கு ஏற்றியதற்கான ரசீதான பில் ஆஃப் லேடிங், கப்பலை யாராவது வாடகைக்கு எடுத்திருந்தால் அந்தச் சார்ட்டர் ஒப்பந்தம். எதிரி ராணுவத்துக்குப் பயன்படுகிற சரக்கு எதிரிக்குப் போகிறது என்று தெரிந்தால் பிடிக்கலாம். இல்லை என்றால் விட்டுவிட வேண்டும், ஏறிப் பார்த்த அதிகாரி லாக் புத்தகத்தில் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

இப்போது உங்கள் இரண்டு கப்பலையும் பாருங்கள். லொரெடானோவில் பிடிப்பதற்கான சரக்கு இல்லை, விட்டார்கள். பொன்டோபொரோஸ் கிரேக்கக் கப்பல்தான், கொடி கிரேக்கக் கொடிதான். ஆனால் வயிறு நிறைய சுமார் 6,500 டன் வங்காள நிலக்கரி, அதுவும் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்குப் போகிற கரி. நிலக்கரி என்றால் அன்றைய போர்க்கப்பலுக்கு உயிர். கரி இல்லாவிட்டால் எம்டனே இரண்டு வாரத்தில் நடுக்கடலில் மிதக்கும் இரும்புப் பெட்டி ஆகிவிடும், அதனால் எம்டன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லருக்கு அந்தக் கப்பல் கிடைத்தது வரம் மாதிரி. அவர் அந்தக் கிரேக்கக் கேப்டனிடம் பேசி, வாடகை தருவதாக ஒத்துக்கொண்டு, கப்பலைத் தன் வேலைக்கே வைத்துக்கொண்டார். வங்காளக் கரி மட்டமான கரி, புகை கக்கும், கொதிகலனை அடைக்கும், அது வேறு தொல்லை. அக்டோபர் 12-ஆம் தேதி சுமத்ரா பக்கம் பிரிட்டிஷ் கப்பல் யார்மவுத் வந்து பொன்டோபொரோஸை மீட்டது.

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று நடந்தது, உங்கள் பெரியப்பச்சியிடம் இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். கபிங்கா என்ற கப்பல், சுத்தமான பிரிட்டிஷ் கப்பல், எதிரிக் கப்பல்தான். எம்டன் அதை மூழ்கடிக்கவில்லை. உள்ளே இருந்த சரக்கு அமெரிக்கர்களுடையது, அமெரிக்கா அப்போது நடுநிலை. மூழ்கடித்தால் ஜெர்மனி அமெரிக்காவுக்குப் பணம் கட்ட வேண்டிவரும். கபிங்கா கேப்டனின் மனைவியும் குழந்தையும்கூட அந்தக் கப்பலிலேயே இருந்தார்கள். மற்றக் கப்பல்களில் பிடித்த மாலுமிகளை எல்லாம் முல்லர் அதில் ஏற்றி அனுப்பிவிட்டார். ஆக எதிரிக் கப்பல் தப்பித்தது, நடுநிலைக் கப்பல் மாட்டியது. கொடியை மட்டும் பார்த்தால் இது தலைகீழாகத் தெரியும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டது ஒரு பங்கு, பட்டுத் தெரிந்துகொண்டது ஒரு பங்கு. 1987-இல் ஈரான் ஈராக் போர் நடந்துகொண்டிருந்தபோது வளைகுடாவுக்குள் போய்க்கொண்டிருந்தோம். எங்கள் கப்பல் போரில் சேராத ஒரு நாட்டின் கொடி. சரக்கு மூட்டை அரிசி, தேயிலைப் பெட்டி, கொஞ்சம் பொதுச் சரக்கு. விடியற்காலை நாலரை மணி, கப்பலைப் பார்த்துக்கொள்கிற என் முறை. வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனலில் கூப்பிட்டார்கள்: கப்பல் பேர், கொடி, கடைசித் துறைமுகம், அடுத்த துறைமுகம், சரக்கு. சொன்னேன். மறுபடியும் அதையே கேட்டார்கள், மறுபடியும் சொன்னேன். இன்ஜினை நிறுத்து, ஏணியை இறக்கு என்றார்கள். ரப்பர் படகில் ஒரு அதிகாரியும் ஆறு பேரும் வந்து ஏறினார்கள். அந்த அதிகாரிக்கு 25 வயது இருக்கும், மரியாதையாகத்தான் பேசினார். கேப்டன் அறையில் மேனிஃபெஸ்ட்டை விரித்து வைத்துக்கொண்டு ஆள்காட்டி விரலை ஒவ்வொரு வரியாக மேலே இருந்து கீழே நகர்த்திக்கொண்டே வந்தார். அரிசி, அரிசி, தேயிலை, துணி, தீப்பெட்டி. மூன்றாவது பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. இயந்திர உதிரிப் பாகம், 11 பெட்டி, பெறுபவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "ஆர்டர்படி" என்று மட்டும் இருந்தது.

அந்த ஒரு வரிக்காக எங்களை ஒரு நங்கூரத்துறைக்குக் கொண்டுபோய் நாலு நாள் நிறுத்தி வைத்தார்கள். பெட்டி இருந்தது இரண்டாம் ஹேட்ச்சில், அதாவது இரண்டாம் சரக்கறையில், அரிசி மூட்டைக்கு அடியில். மூட்டையை எல்லாம் டெக்கில் ஏற்றி அடுக்க வேண்டியிருந்தது, வெயில் 45 டிகிரி, குடிதண்ணீரை அளந்து கொடுத்தோம். பெட்டியைத் திறந்தால் தண்ணீர் பம்புக்கான பாகங்கள். மறுபடி மூட்டையை இறக்கினோம், லாக் புத்தகத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார், போகலாம் என்றார். நாலு நாள் கடலில் கிடந்ததற்கு யார் பணம் கொடுப்பது என்று கேட்க அங்கே ஆள் இல்லை. அதற்கு முந்தைய வருடம் ஜனவரியில் பிரசிடென்ட் டெய்லர் என்ற அமெரிக்கக் கப்பலையே ஈரான் கடற்படை நிறுத்தி ஏறிப் பார்த்தது, போரிடும் நாட்டுக்கு அந்த உரிமை உண்டு என்று அமெரிக்காவே ஒத்துக்கொண்டது. அதனால் எங்களை நிறுத்தியதில் நான் தப்பு சொல்ல மாட்டேன். காகிதத்தை ஒழுங்காக எழுதாத ஆளைத்தான் இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

தேவகோட்டை வக்கீல் எழுதியது:

கோட்டையூர் ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரி, அந்த நாலு நாள் கதையைப் படித்தபோது எனக்கே தொண்டை வறண்டுவிட்டது. ஆனால் பொன்டோபொரோஸ் விஷயத்தில் ஒரு படி விட்டுப்போயிற்று, அது முக்கியமான படி.

முதலில் சட்டம் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 1856-இல் பாரிஸ் பிரகடனம். அதில் இரண்டு விதி நமக்கு வேண்டும். நடுநிலைக் கொடியின் கீழ் போகிற எதிரியின் சரக்கைத் தொடக்கூடாது. எதிரிக் கொடியின் கீழ் போகிற நடுநிலையாளர் சரக்கையும் தொடக்கூடாது. இரண்டுக்கும் ஒரே விலக்கு, போருக்கு உதவுகிற தடைச் சரக்கு, காண்ட்ராபேண்ட் என்பார்கள். கபிங்கா தப்பியதற்கு அடிப்படை அந்த இரண்டாவது விதி.

எது தடைச் சரக்கு என்பதை 1909-இல் லண்டன் பிரகடனம் என்று ஒன்று போட்டு மூன்றாகப் பிரித்தார்கள். துப்பாக்கி, வெடிமருந்து மாதிரியானவை முதல் வகை, எதிரி நாட்டுக்குப் போனாலே பிடிக்கலாம். உணவு, நிலக்கரி போன்ற எரிபொருள், துணிமணி இரண்டாம் வகை, எதிரியின் அரசாங்கத்துக்கோ படைக்கோ போனால்தான் பிடிக்கலாம், சாதாரண ஜனங்களுக்குப் போனால் கூடாது. மூன்றாவது, எந்தக் காலத்திலும் தடைச் சரக்கு என்று அறிவிக்கவே கூடாத பட்டியல். தடைச் சரக்கு மொத்தச் சரக்கில் பாதிக்கு மேல் இருந்தால் கப்பலையே பறிமுதல் செய்யலாம் என்றும் ஒரு விதி. பொன்டோபொரோஸில் இருந்தது முழுக்க நிலக்கரி, போனது பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு. அதனால் பிடித்தது சரி.

பிடித்தது சரி, வைத்துக்கொண்டது சரியா என்பதுதான் நான் சொல்ல வந்தது. பிடித்த மாத்திரத்தில் கப்பல் பிடித்தவனுக்குச் சொந்தமாகிவிடாது. துறைமுகத்துக்குக் கொண்டுபோய், போரில் பிடித்த கப்பல்களை விசாரிக்கிற பிரைஸ் கோர்ட் முன்னால் நிறுத்த வேண்டும், கோர்ட் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் கப்பலும் சரக்கும் கை மாறும். எம்டனுக்குப் போக இந்தக் கடலில் ஒரு துறைமுகமும் கிடையாது. அதனால் முல்லர் பிரிட்டிஷ் கப்பல்களை ஆட்களை இறக்கிவிட்டு மூழ்கடித்தார், கிரேக்கக் கப்பலை வாடகை பேசி வைத்துக்கொண்டார். கிரேக்கக் கேப்டன் சம்மதித்தார் என்கிறார்கள். பீரங்கிக்கு முன்னால் நிற்கிறவன் சம்மதத்தை நான் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இது ஏதோ ஏட்டுச் சட்டம் என்று நினைக்காதீர்கள். 1915 ஏப்ரலில் ஜமோரா என்ற ஸ்வீடன் கப்பலை பிரிட்டிஷ் கப்பல் ஒன்று ஷெட்லாண்டு தீவுகள் பக்கம் நிறுத்திப் பிடித்தது. நியூயார்க்கிலிருந்து ஸ்டாக்ஹோம் போகிறது, உள்ளே தாமிரம். வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முன்பே அந்தத் தாமிரம் எங்களுக்கு வேண்டும், எடுத்துக்கொள்கிறோம் என்று பிரிட்டிஷ் ராணுவ இலாகா கேட்டது, அதற்கு அரசாணையும் கையில் இருந்தது. 1916-இல் மேல்முறையீட்டைக் கேட்ட பிரிவி கவுன்சில் என்ன சொன்னது தெரியுமா? பிரைஸ் கோர்ட் நாடுகளுக்கிடையிலான சட்டத்தை நடத்துகிற கோர்ட், மன்னரின் அரசாணை அந்தச் சட்டத்தை மாற்ற முடியாது, விசாரிக்காமல் எடுத்துக்கொள்ள முடியாது என்று சொன்னது. போர் உச்சத்தில் இருக்கும்போது, தன் சொந்த அரசாங்கத்துக்கு எதிராக. வக்கீல் தொழிலில் எனக்கு இத்தனை வருடமாக நம்பிக்கை குறையாமல் இருப்பதற்கு இந்த மாதிரி நாலைந்து தீர்ப்புகள்தான் காரணம்.

அதற்காகக் கோர்ட் எப்போதும் நடுநிலை வியாபாரி பக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். கிம் என்ற கப்பலும் கூட மூன்று கப்பலும் அமெரிக்காவிலிருந்து டென்மார்க்குக்குப் பன்றிக் கொழுப்பும் இறைச்சியும் கொண்டுபோனபோது பிடித்தார்கள். நாங்கள் நடுநிலை நாட்டிலிருந்து நடுநிலை நாட்டுக்குத்தானே போகிறோம் என்றார்கள் வியாபாரிகள். டென்மார்க் ஒரு வருடம் முழுக்க இறக்குமதி செய்கிற கொழுப்பைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் இந்த நாலு கப்பலிலேயே மூன்று வாரத்தில் வருகிறதே, அந்தச் சின்ன நாடு இதை என்ன செய்யும், ஜெர்மனிக்குத்தான் போகும் என்று கோர்ட் 1915-இல் முடிவு கட்டியது. கோட்டையூர் ஐயா பார்த்த அந்த "ஆர்டர்படி" என்ற சொல்லும் அப்போதே சிக்கல் பண்ணிய சொல். பெறுபவர் பெயர் இல்லாமல் ஆர்டர்படி என்று எழுதிய சரக்கைச் சந்தேகத்தில் பிடிக்கலாம் என்று 1914 அக்டோபரிலேயே பிரிட்டன் ஆணை போட்டுவிட்டது. இல்லை, இது எதிரிக்குப் போகவில்லை என்று நிரூபிக்கிற பாரம் வியாபாரி தலையில்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நகரத்தார் அப்போது பிரிட்டிஷ் பிரஜைகள். ஜெர்மனியின் கண்ணில் நம் ஆட்கள் சரக்கு எதிரியின் சரக்கு. அந்தச் சரக்கு பிரிட்டிஷ் கப்பலில் வந்தால் எம்டன் கையில் போச்சு, கேட்க முடியாது. அதே சரக்கு இத்தாலிக் கப்பலில் வந்தால் முதல் விதிப்படி இத்தாலிக் கொடி அதைக் காப்பாற்றும், தடைச் சரக்காக இல்லாத வரை. இப்போது அந்த மூன்றாவது பட்டியலில், எந்தக் காலத்திலும் தொடக்கூடாத பட்டியலில், என்ன இருக்கிறது என்று கேளுங்கள்: கல், பளிங்கு, செங்கல், ஓடு, டைல்ஸ், பீங்கான், கண்ணாடி, வர்ணம், வீட்டு மரச்சாமான். முகப்பில் இத்தாலிப் பளிங்கு, சுவரில் ஜப்பான் டைல்ஸ், ஜன்னலில் பெல்ஜியம் கண்ணாடி. செட்டிநாட்டு வீட்டை அப்படியே பிரித்து எழுதி வைத்த மாதிரி இருக்கும், முதல் தடவை படித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். பர்மா அரிசி மட்டும் இரண்டாம் வகை, அரசாங்கத்துக்குப் போனால் ஆபத்து.

ஆனால் லண்டன் பிரகடனத்தை பிரிட்டன் கடைசி வரை உறுதிப்படுத்தவே இல்லை, பிரபுக்கள் சபை 1911-இலேயே அதற்கான மசோதாவைத் தள்ளிவிட்டது. போர் வந்ததும் சில மாற்றத்தோடு பின்பற்றுகிறோம் என்றார்கள், பட்டியலை மாதத்துக்கு மாதம் மாற்றினார்கள், தொடக்கூடாத பட்டியலில் முதலாவதாக இருந்த பஞ்சையே 1915-இல் தடைச் சரக்கு ஆக்கினார்கள், 1916-இல் பிரகடனத்தையே கைவிட்டார்கள்.

பள்ளத்தூர் வாசகர் எழுதியது:

பெரியப்பச்சி சொன்ன லொரெடானோவைப் பற்றி ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். எம்டன் விட்டுவிட்ட பிறகு அந்த இத்தாலிக் கேப்டன் நேரே போய் வழியில் பார்த்த பிரிட்டிஷ் கப்பலிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார், வயர்லெஸ்ஸில் கல்கத்தாவுக்குச் செய்தி போயிற்று, கப்பல் போக்குவரத்தையே நிறுத்தினார்கள். அதுவரை எம்டன் இந்தக் கடலில் இருப்பதே யாருக்கும் தெரியாது. சட்டப்படி விட்டதற்கு முல்லர் கொடுத்த விலை அது. தெரிந்தும் அடுத்து வந்த நார்வேக் கப்பலையும் சோதித்து விட்டார். ரங்கூனுக்குப் பக்கத்தில் டோவ்ரே என்ற இன்னொரு நார்வேக் கப்பலை நிறுத்தி, தான் பிடித்து வைத்திருந்த மாலுமிகளை அதில் ஏற்றி ரங்கூனில் இறக்கிவிடச் சொன்னார். முகப்புத்தூண் தம்பியின் பூட்டன் அப்போது ரங்கூனில் இருந்தார் என்றால் அந்த மாலுமிகள் இறங்கி வந்ததைப் பார்த்திருக்கலாம். அதற்குப் பிறகுதான் செப்டம்பர் 22 ராத்திரி மதராஸில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. ஹைகோர்ட் மதில் பக்கம் இன்றும் அதற்குக் கல்வெட்டு இருக்கிறது, சென்னை போனால் பாருங்கள்.

ஆத்தங்குடி ஆச்சி எழுதியது:

எல்லோரும் சரக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். கப்பலில் இருக்கிற பிள்ளைகளைப் பற்றி யாராவது சொல்லுங்கள். என் மகன் தேர்ட் இன்ஜினியர். அவன் கப்பல் எந்த நாட்டுக் கொடி என்று கேட்டால் அவனே ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பேர் சொல்கிறான், அந்த நாட்டை அவன் பார்த்ததே இல்லை. 2024 ஏப்ரலில் ஹோர்முஸ் பக்கம் எம்எஸ்சி ஏரீஸ் என்ற கப்பலை ஈரான்காரர்கள் பிடித்தார்களே, கொடி போர்ச்சுகல், உள்ளே இருந்த 25 பேரில் 17 பேர் நம் இந்தியப் பிள்ளைகள். அதற்கு முன்னால் செங்கடலில் ஏமனின் ஹூதிக்காரர்கள் பிடித்த கேலக்ஸி லீடர். 2023 நவம்பரில் பிடித்த 25 பேரை 2025 ஜனவரியில்தான் விட்டார்கள். பதினாலு மாதம். அந்தப் பதினாலு மாதமும் நான் வேறு ஒருவர் பிள்ளைகளுக்காக பிள்ளையார்பட்டியில் விளக்குப் போட்டேன். வக்கீல் தம்பி, பளிங்குக்குப் பட்டியல் போட்டவர்கள் ஆளுக்கு என்ன எழுதி வைத்தார்கள்?

தேவகோட்டை வக்கீல் எழுதியது:

ஆச்சி, எழுதி வைத்தது குறைவுதான். 1907-இல் ஹேகில் செய்த பதினோராவது ஒப்பந்தத்தில், எதிரியின் வணிகக் கப்பல் பிடிபட்டால் அதில் வேலை செய்கிற நடுநிலை நாட்டு மாலுமிகளைக் கைதி ஆக்கக்கூடாது என்று இருக்கிறது. எதிரிக் கப்பலிலேயே இப்படி என்றால் நடுநிலைக் கப்பல் மாலுமியைக் கைதியாக வைக்க ஒருவருக்கும் உரிமை கிடையாது. விசாரணைக்குச் சாட்சியாக வேண்டியவரைக் கொஞ்ச நாள் நிறுத்தலாம், அவ்வளவுதான்.

தப்பாகப் பிடித்தால் பணம் கட்ட வைத்த வழக்கும் உண்டு. 1912-இல் இத்தாலியும் துருக்கியும் சண்டை போட்டபோது இத்தாலி கார்த்தேஜ் என்ற பிரெஞ்சுத் தபால் கப்பலைப் பிடித்தது, உள்ளே ஒரு விமானம் இருந்தது என்பதற்காக. இரண்டு நாள் கழித்து மனூபா என்ற இன்னொரு பிரெஞ்சுக் கப்பல், அதில் துருக்கிச் செம்பிறைச் சங்கத்துக்காரர்கள் 29 பேர். பிரான்ஸ் ஹேக் நடுவர் மன்றத்துக்குப் போனது, 1913-இல் கார்த்தேஜுக்கு 1,60,000 பிராங்க், மனூபாவுக்கு 4,000 பிராங்க் இத்தாலி கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. நீங்கள் சொன்ன இரண்டு சம்பவமும் இந்தச் சட்டத்துக்குள்ளேயே அடங்காதவை. போரே அறிவிக்கவில்லை, பிரைஸ் கோர்ட்டும் இல்லை. எம்டன் காலத்தில் இருந்த ஒழுங்குகூட அங்கே கிடையாது என்பதுதான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

கோட்டையூர் மாலுமி எழுதியது:

ஆச்சி, மகன் அடுத்த தடவை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். கப்பல் போர் அபாயப் பகுதிக்குப் போகுமா, போனால் மறுத்துவிட்டு இறங்கிக்கொள்ள உரிமை எழுதியிருக்கிறதா, பிடித்து வைத்தால் சம்பளம் தொடருமா. வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்க வேண்டும். போர்க் காப்பீட்டில் கப்பலை 12 மாதம் பிடித்து வைத்திருந்தால் கப்பலே போனதாகக் கணக்குப் பண்ணி முதலாளிக்கு முழுத் தொகையும் கொடுத்துவிடுகிற ஷரத்து வழக்கமாக இருக்கும், சில பாலிசியில் ஆறே மாதம். பதின்மூன்றாம் மாதம் கப்பல் முதலாளிக்குப் பணம் வந்துவிட்டது, பையன் இன்னும் கப்பலில் இருக்கிறான் என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நாங்கள் கிடந்தது நாலே நாள். மூன்றாம் நாள் ராத்திரி எங்கள் சமையல்காரர், 50 வயதுக்காரர், அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

முகப்புத்தூண் எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நேற்று கானாடுகாத்தானுக்குப் போய் பெரியப்பச்சியிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். கபிங்கா கதையை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். ஜமோரா தீர்ப்பைக் கேட்டுவிட்டு, அப்போ அத்தானும் ஜெயிக்கலை நானும் ஜெயிக்கலை, வக்கீல்தான் ஜெயிச்சாரு என்றார். அப்பத்தா, ஆச்சி எழுதியதை மட்டும் கேட்டுவிட்டு அந்தப் பையன் பேர் என்ன, எந்த ஊர் போயிருக்கான் என்று விசாரித்தார்கள்.

அப்புறம் பளிங்குப் பட்டியலைச் சொன்னதும் பெரியப்பச்சி எழுந்து இரண்டாம் கட்டில் இருக்கிற பெட்டகத்தைத் திறந்து பழைய கணக்குகளை எடுத்தார். ஆனந்த வருஷத்துப் பேரேடு, அதுதான் 1914. ஓரம் எல்லாம் செல்லரித்திருக்கிறது. ஆவணி முதல் வாரம் வரை ரங்கூன் தபால் வரவு வரிசையாக இருக்கிறது. ஆவணி கடைசியிலிருந்து புரட்டாசி பாதி வரை தேதி மட்டும் போட்டு எதிரில் ஒன்றும் எழுதவில்லை. பதினேழு வரி அப்படியே காலி. ஒரே ஓர் இடத்தில் மட்டும் "கப்பல் ஓடவில்லை" என்று இருக்கிறது, பூட்டன் வீட்டில் இல்லாததால் அவருடைய ஆச்சி எழுதியதாக இருக்கும் என்கிறார்கள், எழுத்து வேறு கையாக இருக்கிறது.

ஐப்பசியில் ஒரு வரவில் தமிழ் எண்ணிலும் சுருக்கெழுத்திலும் ஏதோ சரக்கின் பேர் இருக்கிறது, எங்களால் படிக்க முடியவில்லை. பழைய கணக்குச் சுருக்கெழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது காரைக்குடி பக்கம் இருந்தால் சொல்லுங்கள், பேரேட்டை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.